பக்கத்து வீட்டுத் தறியும் நான் சொல்லாமல் விட்டதும்

கோவை மாவட்டம் சோமனூருக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் அறை எடுத்துத் தங்கிப் படித்த முதல் நான்கு மாதங்களில், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத காரணத்தால் நான் ஏறத்தாழ 17,000 ரூபாயையும், ஒரு பருவத் தேர்வுத் தாளையும் இழந்தேன். உடல்நலத்தைப் பொறுத்தவரை, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை இப்போதும் நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. வெளியூரிலிருந்து தனியாக வந்து தங்கும் மாணவர்கள், அதிலும் பிறரிடம் பேசவே கூச்சப்படும் என்னைப் போன்றவர்கள், இதைப் படித்தால் அவர்களில் ஒருவராவது நான் பட்ட பாட்டைப் படாமல் தப்பலாம் என்று எண்ணியே எழுதுகிறேன்.

என் ஊர் அந்தியூரைத் தாண்டி ஒரு சிற்றூர். மஞ்சளும் கரும்பும் விளையும் காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு தனியாக இருக்கிறது. இரவில் மோட்டார் ஓடும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காது. கல்லூரி விடுதிக் கட்டணம் கட்டுப்படியாகாததால், இரண்டாம் ஆண்டு தொடங்கியதும், 2024 ஆகஸ்டில், மாதம் 3,500 ரூபாய் வாடகைக்கு இந்த அறையைப் பிடித்தேன். நான் அறையைப் பார்க்கப் போன நாள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்த நாள். தெரு முழுவதும் அத்தனை அமைதியாக இருந்தது. வீட்டுக்காரர் "படிக்கிற பையனுக்குத் தோதான இடம்" என்றார். நானும் நம்பி முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பெட்டியோடு வந்து இறங்கியபோதுதான், என் கட்டில் கிடக்கும் சுவருக்கு மறுபுறம் ஆறு விசைத்தறிகள் ஓடுகின்றன என்பது தெரிந்தது. நெசவுப் பகுதியில் அறை தேடுபவர்கள் ஒரே இடத்தை இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். அதில் ஒரு முறை மின்சாரம் இருக்கும் வேலை நாளாகவும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகாகவும் இருக்க வேண்டும். முன்பணத்தைக் கொடுப்பதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருப்பதோடு, இரு தரப்பும் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இது தெரியாமல் நான் 15,000 ரூபாயை வெறும் கையில் கொடுத்திருந்தேன்.

நாடாத் தறியின் ஓசையைக் கேட்டிராதவர்களுக்கு அதைச் சற்று விளக்க வேண்டும். துணியின் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிய 'தார்' என்னும் சிறு குழல், 'நாடா' என்னும் படகு வடிவக் கட்டைக்குள் இருக்கும்; அந்த நாடாவை, தறியின் இரு பக்கமும் இருக்கும் அடிகட்டை மாறி மாறி அடித்துத் தள்ளுகிறது. ஒரு தறியில் இந்த அடி நிமிடத்துக்கு நூறு தடவைக்கும் மேல் விழும். ஆறு தறிகளும் ஒரே தாளத்தில் ஓடுவதில்லை என்பதால், இந்த ஓசை இவ்வளவுதான் என்று மனத்தால் ஒரு கணக்குக்குள் கொண்டுவந்து பழகிக்கொள்ள முடியாது. சுவரில் கை வைத்தால் உள்ளங்கை அதிரும். மேசை மேல் வைத்த தண்ணீர்க் குவளையில் ஓயாமல் வட்ட வட்டமாக அலை எழும். இதற்கு மேல், தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்பதற்காக முழு ஒலியில் வைத்த பாட்டுப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேல், அந்தத் தறிகளை ஓட்டிய அக்காவின் குரல். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கைபேசியில் மகளோடு பேசினால் எங்கள் லைனில் ஏழு வீட்டுக்கும் கேட்கும். நூல் அறுந்தால் கணவரைக் கூப்பிடுவதும், தண்ணீர் லாரி வந்தால் தெருவைக் கூப்பிடுவதும் ஒரே குரலில்தான். எனக்கு அந்தக் குரல் முதல் நாளிலிருந்தே பயத்தைக் கொடுத்தது. அவர் வாசலில் நின்றால், அவர் உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டு, அதன் பிறகுதான் நான் கதவைத் திறந்து கல்லூரிக்குக் கிளம்புவேன்.

அவரிடம் போய், "அக்கா, இரவில் பாட்டை மட்டுமாவது குறைத்து வையுங்கள்" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதைச் செய்யாமல், மலிவான நுரைக் காதடைப்பான்கள் ஒரு பெட்டி 240 ரூபாய்க்கு வாங்கினேன். அது போதாமல் 2,900 ரூபாய்க்கு இரைச்சலைக் குறைக்கும் ஹெட்ஃபோன் வாங்கினேன். அந்த வகை ஹெட்ஃபோன் மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலை நன்றாகக் குறைக்கும். அடித்து அடித்து எழும் தறிச் சத்தத்துக்கு அவ்வளவாக உதவாது என்பதை வாங்கிய பிறகே அறிந்தேன். உள்தேர்வுக்கு முன் இரண்டு இரவுகள் லாட்ஜில் தங்கியதில் 1,400 ரூபாய் போயிற்று. அக்டோபரில் ஒரு தரகர் வேறு அறை காட்டி 5,000 ரூபாய் டோக்கன் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்க நா எழவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த அறை வேறொருவருக்குப் போய்விட்டது, பணமும் திரும்பவில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதைத் தேடிப் பிடித்து, புகார் மனு ஒன்றைக்கூடக் கைபேசியில் எழுதி வைத்தேன், அதையும் அனுப்பவில்லை. 9,540 ரூபாய் செலவழித்த பிறகும் சத்தம் முதல் நாள் இருந்தபடியேதான் இருந்தது. நான் மட்டும் இளைத்துப்போயிருந்தேன்.

நவம்பர் மாதம், தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மாலை காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துவது போன்ற வலி, முதுகும் மூட்டுகளும் கழன்றுவிடுவது போன்ற நோவு. மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு" என்று மட்டும் சொல்லி ஒரு வலி மாத்திரை அட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். இது நான் செய்த தவறுகளில் மிகவும் ஆபத்தானது. டெங்குவாக இருக்கக்கூடும் என்ற ஐயம் இருக்கும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதையும் தாமாகப் போடக் கூடாது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை இரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். வெள்ளியும் சனியும் அறையிலேயே கிடந்தேன். வீட்டுக்குச் சொன்னால் அம்மா பதறுவார், அப்பா மஞ்சள் காட்டை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்று நினைத்து, தொலைபேசியில் நன்றாக இருப்பதாகச் சொன்னேன். ஞாயிறு காலை காய்ச்சல் விட்டுவிட்டது. சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். டெங்குவில் உயிருக்கு ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும் அந்த நேரத்தில்தான், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், தொடங்குகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பொறுக்க முடியாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிட்டுப்போதல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எனக்கு நண்பகலுக்குள் இவற்றில் மூன்று வந்துவிட்டன. கதவு வரை நடக்கக்கூட என்னால் முடியவில்லை.

எங்கள் லைனில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் நல்ல தண்ணீர் வரும். அன்று வந்தது. எல்லா வீட்டுக் குடங்களும் குழாயடியில் வரிசையாக நிற்கும்போது, என்னுடைய பச்சைக் குடங்கள் இரண்டும் வரிசையில் இல்லை என்பதை அந்த அக்கா கவனித்திருக்கிறார். நான் அவரிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை. ஆனால் என் குடத்தின் நிறம் அவருக்குத் தெரிந்திருந்தது. கதவைத் தட்டினார். "தம்பி, தண்ணி வந்துருச்சு, குடத்தக் கொண்டா கண்ணு" என்று கூப்பிட்டார். நான் முனகியது அவருக்குக் கேட்கவில்லை. நல்ல வேளையாகக் கதவை வெறுமனே சாத்தி வைத்திருந்தேன்; தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில், நான்கு மாதங்களாக எதை நினைத்து நான் பயந்தேனோ அதே குரலில், லைன் முழுவதும் என் அறை வாசலுக்கு வந்தது. "ஏஞ்சாமி, மூணு நாளா ஒருத்தருகிட்டயும் சொல்லாம இப்படிக் கெடக்கறியே" என்று அவர் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அருகில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ஓர் இரவுக்கு 7,400 ரூபாய் ஆயிற்று. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 41,000-க்கு இறங்கிவிட்டதாகவும், உடனே தட்டணு ஏற்ற வேண்டும், அதற்குத் தனியாக முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அக்கா பணம் கட்டும் மேசைக்கு முன் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, மறுநாள் காலை 108 ஆம்புலன்ஸில் கோவை அரசு மருத்துவமனைக்கு என்னை மாற்றிவிட்டார். அங்கே தட்டணு ஏற்றவே இல்லை. இரத்தக் கசிவு இல்லாதபோது, தட்டணுக்கள் 10,000-க்கும் கீழே போனாலொழியப் பொதுவாக அது தேவைப்படாது என்றும், உடலில் நீர் குறையாமல் பார்ப்பதே முதன்மையான சிகிச்சை என்றும் மருத்துவர் விளக்கினார். நரம்பு வழியே திரவம் ஏற்றினார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் இளநீரும் கொடுத்தார்கள். ஐந்து நாளில் எழுந்து நடந்தேன், செலவு ஏதுமில்லை. காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள், டெங்குக் கிருமியின் புரதத்தைக் காட்டும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனையும் இரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் நோய் தெரிந்துவிடும். இந்த வசதி அரசு மருத்துவமனைகளிலேயே உண்டு. அதன் பிறகு தொடங்கிய தேர்வுகளில், உடல் தேறாததால், ஒரு தாளை எழுத முடியாமல் போய், அது அரியராக நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது, அக்காவின் கணவர் என் அறையிலிருந்த பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பத்து நாள் தண்ணீரைச் சேமிப்பதற்காக மூடியில்லாமல் வைத்திருந்த டிரம் அது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது; முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூட வேண்டும். கொசுப்புழு பார்க்கும் பணியாளர்கள் என் கதவை இரண்டு முறை தட்டியிருந்தார்கள். யாரோ என்று கூச்சப்பட்டு நான் திறக்கவில்லை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. மருத்துவமனையில் என் பக்கத்தில் இருந்த நாட்களில், முகக்கவசம் போட்ட செவிலியர் பின்னால் நின்று பேசினால் அக்கா திரும்பவே மாட்டார் என்பதைக் கண்டேன். நேரே பார்த்துப் பேசினால் உடனே பதில் சொல்வார்; அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தார். பதினான்கு வயதில் தறிக் கொட்டகைக்கு வந்தவர். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் உட்செவியின் நுண்ணிய முடிச் செல்கள் அழிந்துவிடும். அவை மீண்டும் முளைப்பதில்லை. அவருடைய கொட்டகையில் என் கைபேசிச் செயலி 95-க்கு மேல் காட்டியது. அது துல்லியமான கருவி அன்று, இருந்தாலும் நிலைமை விளங்கியது. அவர் சத்தமாகப் பேசியதற்கும், பாட்டை அவ்வளவு உயர்த்தி வைத்ததற்கும் காரணம் இதுதான். அவரோ, நான் பார்த்தும் பார்க்காமல் போவதைக் கண்டு, படித்த பையன் தறிக்காரர்களை மதிக்கவில்லை என்று நினைத்திருந்தாராம். நான் தாழ்ந்த குரலில் எப்போதாவது பதில் சொல்லியிருந்தாலும் அது அவருக்குக் கேட்டிருக்காது.

ஜனவரியில் அவரை அதே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, அவருக்காக முன்பின் அறியாதவர்களிடம் பேசியது நானேதான். கேட்புத் திறன் வரைபடத்தில் இரு காதுக்குமான கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் போல இறங்கியிருந்தது. இரைச்சலால் வரும் குறைபாட்டின் அடையாளம் அது என்று சொன்னார்கள். காது கேட்கும் கருவிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அதைக் கொட்டகைக்குள் போடக் கூடாது, அங்கே காதடைப்பான்தான் போட வேண்டும் என்றார்கள். அவருடைய சத்தத்திலிருந்து தப்பிக்க நான் வாங்கிய பெட்டியில் பதினொரு ஜோடிகள் மீதமிருந்தன. நுரையை விரல்களுக்கு இடையில் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கும் அவர் கணவருக்கும் காட்டிக் கொடுத்தேன். தறி ஓட்டும் இடங்களில் இருப்பவர்கள் யாராயினும், காது நன்றாகக் கேட்கும்போதே இதைத் தொடங்குங்கள்.

நேரில் கேட்க முடியாததை நான் எழுதிக் கேட்கத் தொடங்கினேன். தீர்ந்துபோன நூல் கோனின் அட்டையில், பெரிய எழுத்தில், என் தேர்வுத் தேதிகளை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தறியின் மேற்சட்டத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். என் சுவரை ஒட்டிய இரண்டு தறிகளின் காலடியில் கெட்டி ரப்பர் துண்டுகளை அவர் கணவர் வைத்த பிறகு, குவளையில் அலை எழுவது பெருமளவு நின்றது. பேசக் கூச்சப்படுபவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது நல்ல வழி. கோபமாக எழுதாமல், எந்த நாள், எந்த நேரம், என்ன உதவி என்று மட்டும் எழுதுங்கள்.

2025 மார்ச்சில், 2022-க்குப் பிறகு உயராத கூலியை உயர்த்தக் கோரி, ஜவுளி உற்பத்தியாளர்களிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து தரும் கோவை, திருப்பூர் மாவட்டத் தறியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் எந்தத் தறியும் ஓடவில்லை. வேலைநிறுத்தத்தின் முதல் நாள் இரவு அறையில் நிம்மதியாக உறங்கினேன். இரண்டாம் நாள், துணி மூடிய தறிகளுக்கு நடுவில் அக்கா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்த உறக்கம் எனக்குக் குற்றமாகப்பட்டது. மாலைகளில் போய் அவரோடு உட்கார்ந்திருப்பேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் ஒட்டுப் போடக் கற்றுக் கொடுத்தார். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் தட்டில் போட்டு வைத்துவிட்டு, நான் உண்ணும் வரை நகர மாட்டார்.

ஏப்ரலில் கூலி பேசி முடித்துத் தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, என் பருவத் தேர்வும் அரியர் தாளும் ஒன்றாக வந்தன. முதல் தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு, சுவரை ஒட்டிய இரண்டு தறிகளும் நின்றன. ஒரு மாதக் கூலியை இழந்த வீடு, அட்டையில் இருந்த தேதிக்காக இரவு ஓட்டத்தை நிறுத்தியிருந்தது. நான் எழுந்து போய், கொட்டகை வாசலில் நின்று, மற்ற நான்கு தறிகளின் சத்தத்துக்கு மேல் அவருக்குக் கேட்கும்படி, "தறிய ஓட்டுங்க்கா, நான் காலேஜ்ல பசங்களோட தங்கிப் படிச்சுக்கறேன்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னாய் என்று மறுபடி கேட்கவில்லை. "சாப்பிட்டுட்டுப் போ சாமி" என்றார்.

அரியர் தாளில் தேறிவிட்டேன். இதே அறையில்தான் இன்னும் இருக்கிறேன். அடுத்த தேர்வுத் தேதிகள் வந்துவிட்டன. எழுதித் தர வேண்டும் என்று, காலியான கோன் அட்டை ஒன்றை அக்கா நேற்று என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.